நாற்பத்தொன்றாவது மணி

கோபாலபுரம் தாண்டியதும்
போன் ஒருமுறை நடுங்கி
கேரளத்துக்கு வரவேற்கிறது.
எத்தனை ஞாயிறு வந்தாலும் அதற்குச் சலிப்பதில்லை.
நார் மில்லில் ஆறு நாள் கணக்கெழுதுகிறவள்
ஏழாம் நாள் கொழிஞ்சாம்பாறையில் இறங்குகிறேன்.
ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ரெக்கார்டர்,
தபாலில் படிக்கும் முதுகலை,
நூறு மணி நேரம்
யாரையாவது கேட்டாக வேண்டும் என்கிற விதி.

வாயனசாலை மாடியில் அறை.
கீழே கேரம் காய்கள் மோதிக்கொள்ளும்.
நாற்காலிகளை நேருக்கு நேர் போடாதே,
கொஞ்சம் சாய்த்துப் போடு
என்றிருக்கிறது பாடத்தில்.
எவ்வளவு கொஞ்சம் என்று இல்லை.

அறிவுரை சொல்லக் கூடாது.
எனக்கு அதுதான் கஷ்டம்.
எங்கள் பக்கம் பஸ்ஸில் கூட உட்கார்ந்தவளுக்கே
கிணத்துக்கடவு வருவதற்குள்
மாப்பிள்ளை பார்த்து
மூட்டுவலிக்குத் தைலமும் சொல்லி முடித்திருப்போம்.
முதல் பத்து மணி நேரம்
நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஷம்னா, என் மேற்பார்வையாளர்,
என்னைவிட ஒன்பது வயது சின்னவள்,
நான் எழுதித் தரும் பிரதியில்
பச்சை மையால் வட்டம் போடுவாள்:
இங்கே நீங்கள் அவருக்கு முன்னால் ஓடிவிட்டீர்கள்.
இங்கே அழுகைக்குக் குறுக்கே டம்ளர் நீட்டினீர்கள்.
இங்கே, 'புரியுது'. என்ன புரிந்தது?

வேலாயுதன் மூன்றாம் முறை வந்தார்.
எடைமேடையில் இருபத்திரண்டு வருஷம்.
லாரியைச் சரக்கோடு ஒருமுறை நிறுப்பார்,
காலியாக ஒருமுறை.
உள்ளே என்ன என்று கேட்பது அவர் வேலையில்லை.
(நோட்டில் எழுதிக்கொண்டேன்.
பாடம் நாற்பது பக்கம் சொன்னது
அதுதான் போலிருந்தது.)
இரண்டு வாரம் மழை, வாழை, மகளின் கல்லூரி.
மூன்றாம் வாரம்
சட்டைப் பித்தானைத் திருகியபடி சொன்னார்:
"வீட்டில் சம்சாரம் இல்லா."

மலையாளம் தெரியும் என்று
விண்ணப்பத்தில் டிக் போட்டவள் நான்.
குனிந்து, குரலைத் தாழ்த்தி,
"அவங்க போய் எவ்வளவு நாளாச்சு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.
கீழே யாரோ சிவப்புக் காயைப் போட்டுவிட்டுக் கத்தினார்கள்.
"எங்கோட்டு போகான்?
அடுக்களையில் உண்டு.
மீன் நன்னாக்குன்னு."

அப்போதுதான் உறைத்தது.
எங்கள் ஊரில் சம்சாரம் என்றால் பெண்டாட்டி.
அவர் ஊரில் பேச்சு.
ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில்
சொல் வேறு வீட்டுக்கு மருமகளாகிவிடுகிறது.

மன்னிப்புக் கேட்டேன். விளக்கினேன்.
விளக்கக் கூடாது என்பதும் பாடத்தில் உண்டு.
அவர் சிரித்தார், தோள் குலுங்க.
பிறகு சிரிப்பு எங்கேயோ பிடி நழுவி
துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.
"அதும் செரியா," என்றார் துண்டுக்குள்ளிருந்து.
"பதினொந்நு கொல்லமாயி.
போயது தன்னெ."

நான் டம்ளர் நீட்டவில்லை.
மின்விசிறி சுற்றியது.
நான்கு நிமிடம், இருபது விநாடி.
பிற்பாடு ரெக்கார்டரில் அளந்தேன்,
கணக்குப்பிள்ளை புத்தி.

திரும்பும்போது சோதனைச் சாவடிக்காரர் பஸ்ஸில் ஏறி
பையில் என்ன என்றார்.
ஒண்ணுமில்லை என்றேன்.
ஒண்ணுமில்லை எத்தனை கிலோ வரும் என்று
வேலாயுதனைக் கேட்க வேண்டும்.

வீட்டில் டிவி. அவர் சோபாவில்.
"சாப்டாச்சா?"
"ம்."
எங்கள் வீட்டில் சம்சாரம் இருக்கிறாள்,
இப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.
பழக்க தோஷத்தில் நாற்காலியைக்
கொஞ்சம் சாய்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.
"மறைக்காதே," என்றார்.

பதிவேட்டை விரித்தேன். மணி: 41.
பிழை: ஒரு சொல்.
'பயிற்சியாளர் உணர்ந்தது' என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்.
ஒண்ணுமில்லை என்றெழுதி அடித்தேன்.

விளம்பரம் வந்தது.
"என்ன எழுதறே?" என்றார்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான்.
எத்தனை விளம்பரம் போடுவார்களோ.
பேர் சொல்லாமல், ஊர் சொல்லாமல்,
அந்த ஒரு சொல்லை மட்டும்
சொல்ல ஆரம்பித்தேன்.