பதின்மூன்று நாள்

ஜாலான் பெசார் கடைவீடு, மூன்றாம் மாடி,
பச்சை இரும்புக் கதவு.
நான்கு மூலையிலும் பசைநாடா இழுத்து
தாள் கோணாமல் ஒட்டி
தேதி விழும்படி படம் எடுப்பது என் வேலை.
ஏலத்துக்கு முன்பு முழுதாய்ப் பதினான்கு நாள்
அது அங்கே இருந்தாக வேண்டும்.
யாரும் படித்தாக வேண்டும் என்று
விதியில் இல்லை.

நொவீனா விடுதிக் கூடத்தில் நாற்பது நாற்காலி.
ஒரு தரம் என்றார்.
இலஞ்செழியனின் எண் அட்டை உயர்ந்தே நின்றது.
ரெண்டு தரம்.
அப்போதுகூட அவர் கையை இறக்கியிருக்கலாம்,
மூன்றாம் தரத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவே
ஒரு மூச்சளவு வழி
சட்டம் திறந்துதான் வைத்திருந்தது.
டொக்.
அதற்குமேல் மனம் மாற உரிமை இல்லை.
முன்பணக் காசோலையை நீட்டிய கையோடு
மனைவியை அழைத்து
சமையலறைச் சன்னல் கிழக்கே என்றார்.

ஆறு வாரம் கழித்து ஓர் இளம் வழக்கறிஞர்
நீதிமன்றத்தில் விரல்விட்டு எண்ணினார்.
ஒட்டிய நாள் சேராது.
ஏல நாளும் சேராது.
ஆக, பதின்மூன்று.
அந்த டொக் செல்லாக் காசாயிற்று.

என் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒட்டிய தேதி இருக்கிறது.
அதற்கு முந்தைய நாளை யாரும் கேட்கவில்லை.

முந்தைய நாளும் போனேன்.
கதவு திறந்திருந்தது.
மேடம் க்வெக் தரையில் செய்தித்தாள் விரித்து
இறால் உரித்துக்கொண்டிருந்தார்.
எரிவாயுக்காரன் என்று நினைத்து
"சுடா மாக்கான்?" என்றார்.
சாப்பிட்டாச்சு என்றேன், மாடி மாறிவிட்டது என்றேன்.
கீழே கோப்பிக்கடையில் ஒரு கோப்பி-ஓ.
மழை வேறு.
மறுநாள் அவர் சந்தைக்குப் போகும் நேரம் பார்த்து வந்தேன்.

இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
சோம்பல் என்றால் மேலாளர் நம்புவார்.
தாளில் அதன் பெயர் நடைமுறைக் குறைபாடு.

நீதிமன்ற மின்தூக்கியில் இலஞ்செழியன்
என்னை அடையாளம் தெரியாமல் கேட்டார்:
"ஒரு நாள்தானே, தம்பி?"
அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்தது
திரைச்சீலைத் துணி மாதிரி, மஞ்சள்.
எத்தனையாவது மாடி என்று கேட்டு
பொத்தானை அழுத்தினேன்.

புதிய அறிவிப்பு வந்துவிட்டது.
இம்முறை பதினெட்டு நாள் முன்பே ஒட்டச் சொல்கிறார்கள்.
பச்சைக் கதவில் பழைய பசையின்
நான்கு தடம் இன்னும் இருக்கிறது.
அவற்றின் மேலேயே வைத்தால்
கோணாது.