அறுநூற்று நாற்பது

ஹொரமாவுக்குக் குடிவந்த மூன்றாம் மாதம்
சத்தமில்லாமல் செத்தது கெய்சர்.
கழற்றிய கம்பியைச் சுற்றி
வாத்து முட்டை ஓடு மாதிரி வெள்ளை.
ஸ்பூனால் தட்டினால் சில்லு சில்லாக உதிர்ந்தது.
இதைத்தான் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தோம்,
சல்லடைக்கு மேல் முடி சுருண்டு கிடக்க.

எங்கள் பக்கம் இதற்குப் பெயர் உப்புத் தண்ணி.
நாக்கில் வைத்தால் உப்பே இராது.
நுரை வராத கோபத்தில்
யாரோ வைத்த பெயர்.

ஹொஸ்கோட்டேயிலிருந்து புட்டராஜு வந்தான்,
லக்கேஜ் ஆட்டோவில் ஆளுயர நீல உருளையோடு.
குப்பியில் எங்கள் தண்ணீரைப் பிடித்து
ஒரு சிட்டிகைப் பொடி போட்டதும்
ரோஸ்மில்க் நிறமானது.
பிறகு மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு
கன்னடத்தில் எண்ணினான்.
இருபத்தாறாம் சொட்டில்தான் நீலம்.
"தண்ணி இல்ல மேடம்," என்றான், "கல்லு."

உருளைக்குள் கொட்டினான் பிசின் மணிகளை,
மீன் சினை போல, தேன் நிறத்தில்.
பக்கத்துத் தொட்டிக்கு
இருபத்தைந்து கிலோ உப்பு.
உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்க
ஒரு மூட்டை உப்பு!
சிரித்தேன்.
அவனுக்குத் தமிழ் பாதிதான் தெரியும்.
மீதிப் பாதிக்கும் சேர்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஜெபராஜ் ஆபீஸிலிருந்து வந்து
ஷூவைக்கூடக் கழற்றாமல்
பேனா மீட்டரை டம்ளரில் முக்கினார்.
நேற்று அறுநூற்று நாற்பது.
இன்றும் அறுநூற்று நாற்பது.
"நாற்பத்தெட்டாயிரம்," என்றார் மீட்டரிடம்.
ஸ்பீக்கரில் புட்டராஜு சொன்னான்:
"சார், கல்லு போகும், அந்த இடத்துல உப்பு வரும்.
எண்ணிக்கை மாறாது சார். ஆள் மாறும்.
அந்த மீட்டருக்குத் தலை எண்ணத்தான் தெரியும்."

எதிர்மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது.
தகரக் கொட்டகையிலிருந்து ஹுலிகெம்மா
இரண்டு குடத்தோடு வருவாள், ராய்ச்சூர்க்காரி.
ஒரு குடம் சமையலறைக் குழாயில்:
பருப்பு இதில் பூவாய் வேகிறதாம்.
இன்னொன்று வாசல் குழாயில்,
உருளைக்குள் போகாத பழைய தண்ணி.
குளிக்க அவளுக்கு அதுதான் வேண்டும்.
"உள்ளே இருக்கறது வழுக்குது அக்கா,
கழுவினாலும் கழுவின மாதிரியே இல்லை."
எனக்கும் அப்படித்தான்.
விலை தெரிந்ததால் நான் சொல்லவில்லை.
என் கறிவேப்பிலைச் செடி சொல்லிவிட்டது,
ஒரே மாதத்தில் நுனி கருகி.

இரவு இரண்டு மணிக்கு
உருளை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும்.
ஒரு முனகல், பிறகு ஒரு கொப்பளிப்பு.
வாரம் முழுக்கப் பிடித்து வைத்ததையெல்லாம்
ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும்.
விழித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்
அது சாக்கடையில் இறங்கும் சத்தத்தை.
சாக்கடை கொட்டகையை ஒட்டித்தான் போகிறது.
அவளுக்கும் கேட்டிருக்கும்.
அவள் சொன்னதில்லை,
நானும் விசாரித்ததில்லை.

நான்காம் மாடிக்குக் கூரை போட்ட வாரம்
ஒரு லாரி வந்தது.
பாத்திரம், பாய், இரண்டு ஆடு, எட்டுப் பேர்.
தேவனஹள்ளிப் பக்கம் என்றாள்.
குடத்தில் ஒன்றை மறந்துவிட்டாள்,
அல்லது விட்டுவிட்டாள்.

பத்தே நாளில்
டைல்ஸ் ஒட்டும் பையன்கள்.
எண்ணிப் பார்த்தேன், எட்டுப் பேர்.
அவர்களில் ஒருவன், மீசை அரும்பாதவன்,
வாசல் குழாயைத் திறந்து
கைகுவித்து என்னைப் பார்த்தான்.
எனக்கு இந்தி வராது.
"கல்லு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.
இரு, உள்ளேயிருந்து தருகிறேன் என்று
கையைக் காட்டி முடிப்பதற்குள்
குடித்துவிட்டான்.
இன்னொரு கை பிடித்து அதையும் குடித்தான்.
வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்,
ரொம்ப நாள் தெரிந்த தண்ணீரைப் போல.