நேற்று ஓட்டியவன்

குன்னூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்,
பெயின்டர் சகாயம், சாரத்திலிருந்து விழுந்தவன்.
கட்டுப் போட்ட காலை ஆட்டமுடியாத கடுப்பில்
என் செல்லில் ஏற்றித் தந்தான் அந்த விளையாட்டை.
“மலை ரோடு ஒண்ணு இருக்கு டிரைவரே,
உங்களுக்கு அல்வா.”

அல்வா இல்லை.
பதினெட்டு வருடம் கேத்தி கேரட்டை
மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கிய கை
இரண்டு கட்டைவிரலாகச் சுருங்கியதும்
முதல் நாளே பதினோரு முறை பள்ளத்தில்.
விழுந்தால் சத்தமில்லை.
திரை கறுத்து, ஒரு மூச்சு விட்டு,
வண்டி பழைய இடத்தில் வந்து நிற்கும்
கழுவித் துடைத்தது போல.

பர்லியாருக்கு மேலே, ஒன்பதாம் வளைவில்,
விடியற்காலை மூன்றே காலுக்கு
எனக்கு அப்படி நடக்கவில்லை.
பனிக்குள் எழுபது மூட்டை கேரட்
உருண்டுகொண்டே இருந்த சத்தம்
வெகுநேரம் கேட்டது.
கிளீனர் பெள்ளிக்குத் தோள்பட்டை, எனக்கு இடுப்பு.
போலீஸ்காரர் பேனாவைத் திறந்ததும் சொன்னேன்:
“பிரேக் பிடிக்கல சார்.”
மூன்று வார்த்தை.
முந்தின வாரம்தான்
வெலிங்டன் பட்டறையில் யூசுப்
லைனிங் மாற்றியிருந்தான்.

வீட்டில் படுக்கை. தகரத்தில் மழை.
விளையாட்டில் ஒரு விசேஷம்:
நேற்று நான் ஓட்டியதை
அது ஞாபகம் வைத்துக்கொள்ளும்.
இன்று ஓட்டும்போது எனக்கு முன்னால்
கண்ணாடியில் செய்ததுபோல் ஒரு வண்டி போகும்.
சகாயம் அதை ஆவி என்பான்.
ஆவி என்ன ஆவி,
நேற்றைய நான்தான்.

என் முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை.
நேர்ரோட்டில் நல்ல பிள்ளை.
ஏற்றத்தில் பொறுமைசாலி.
இறக்கத்தில் மட்டும்
வளைவு வந்த பிறகுதான் வளைவை நினைக்கிறான்.
பின்விளக்குச் சிவப்பு
ஒரு கண்சிமிட்டல் பிந்தி எரிகிறது.
திங்கள் பிந்தி, செவ்வாய் பிந்தி,
சுவரை உரசிக்கொண்டு, மயிரிழையில்.
தப்பித்ததை எல்லாம்
திறமை என்று கணக்கு வைத்திருக்கிறான்.

அந்த விளையாட்டில் பிரேக் பழுதாவதே இல்லை.
லைனிங் தேயாது, எண்ணெய் ஒழுகாது,
யூசுப் என்று ஒருவன் அதில் கிடையாது.

செல்லைக் கவிழ்த்து வைத்தேன்.
“என்ன, தோத்துட்டியா?” என்றாள் செல்வராணி.
“ஆமா.”

வாக்கரை விட்டு, குச்சியை விட்டு,
ஆடிக் காற்றில் பஸ் ஏறினேன்.
பட்டறையில் யூசுப் இல்லை.
ஓனர் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டாராம்.
அருவங்காட்டில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில்,
டூவீலருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.
விளையாட்டை, ஆவியை, பிந்தி எரியும் விளக்கை
எல்லாம் குழப்பியடித்துச் சொன்னேன்.
டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கியபடி இருந்தான்.
குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தான்.
“இத ஓனர்கிட்ட சொல்லு.
என்கிட்ட ஏன் சொல்ற?”

திரையில் ‘மறுபடி’ என்று ஒரு பொத்தான் உண்டு.
அருவங்காட்டில் அன்று இருந்தது
ஒரு டீக்கடையும்
ஓனர் வீட்டுக்குப் போகும் மேடும்.
இடுப்பு வலிக்க ஏறினேன்.

ஓனர் திட்டினார், சம்பளத்தில் பிடித்தார்,
தை பிறந்து லோடு கொடுத்தார்.
பெள்ளி மட்டும் வேறு வண்டிக்குப் போய்விட்டான்;
அவன் அம்மா என்னைக் கண்டால் தெருவைக் கடக்கிறாள்.
யூசுப் பட்டறைக்குத் திரும்பினான்.
என்னோடு பேசுவதில்லை.
என் வண்டிக்கு மட்டும்
லைனிங் மாற்றிய தேதியை
வெள்ளைப் பெயின்டில், பெரிதாக,
சக்கரத்தில் எழுதிவிடுகிறான்.

அந்தத் தேதி சுற்றச் சுற்ற இறங்குகிறேன்.
ஒன்பதாம் வளைவின் பலகைக்கு முன்பே இரண்டாம் கியர்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.

முன்னால் பனியில் கண்ணாடியாய் ஒரு வண்டி.
அதன் சிவப்பு இன்னும் எரியவில்லை.
நான் மிதித்துவிட்டேன்.