பதினைந்து கிராம்

கங்காரு மாதிரி வைத்துக்கொள் என்கிறார் லூர்து சிஸ்டர்,
மார்புக்கூட்டில், தோலோடு தோல்.
கங்காருவை நான் கண்டதில்லை.
திமிங்கிலத்தையும்தான் கண்டதில்லை,
ஆனால் மூன்று இரவுகளாக அதோடுதான் இருக்கிறேன்,
காரைக்குடி பெரியாஸ்பத்திரி இரண்டாம் மாடியில்,
கீறல் விழுந்த செல்போனில், சத்தத்தை அடைத்துவிட்டு.
கடல் வேண்டுமென்றால் தொண்டிக்குப் போக வேண்டும்,
பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

ஏழாம் மாதக் கடைசியில் வந்துவிட்டான்.
ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம்.
மணிக்கட்டுப் பட்டையில் ‘பேபி ஆஃப் வள்ளிக்கண்ணு’.
உதடு இருக்கிறது, நாக்கு இருக்கிறது.
சப்பு, விழுங்கு, மூச்சு விடு,
இந்த மூன்றையும் வரிசையாகக் கோக்கத்தான்
இன்னும் தெரியவில்லை.

திமிங்கிலக் குட்டிக்கும் சப்ப வராதாம்.
குவிகிற உதடு அதற்கு இல்லை.
நாக்கை ஓட்டாஞ்சில்லுபோல் வளைத்து
தாயின் அடிவயிற்றில் ஒட்டிக்கொள்கிறது.
மடிப்புக்குள் ஒளித்த காம்பை வெளியே தள்ளி
அவளேதான் பீய்ச்சிவிடுகிறாள்.
பற்பசைபோலக் கெட்டியான பால்.
உப்புத் தண்ணீரில் சட்டென்று கரைந்து போகாத பால்.
அத்தனை மாதமும் அவள் ஏறக்குறைய பட்டினி.

நானும் பிழிகிறேன்,
இரண்டு மணிக்கொரு தரம், பச்சைத் துணித் தடுப்புக்குப் பின்னால்.
நேற்று ஏழு மில்லி.
ஊசியில்லாத சிரிஞ்சில் ஊற்றி உயர்த்திப் பிடித்தால்
மூக்குக் குழாய் வழியே தானாக இறங்குகிறது.
பார்த்துக்கொண்டே இருப்பேன், தீரும்வரை.
தீர்ந்த பிறகும்.

சில சமயம் மூச்சு விட மறந்துவிடுகிறான்.
மறக்கிற காரியமா அது?
அவசரமாய்ப் பிறந்தவர்கள் மறப்பார்கள் என்கிறார் டாக்டர்,
பாதத்தில் ஒரு சுண்டு சுண்டினால் ஞாபகம் வந்துவிடுமாம்.
கடலில் யார் சுண்டுவது?
பிறந்ததும் குட்டியின் அடியில் போய்
முதுகு கொடுத்து மேலே தள்ளுகிறாள் அவள்,
காற்று இருக்கிற இடத்துக்கு.
அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.
விடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது.

சில சாதித் திமிங்கிலம் இரைக்காக வெகு ஆழம் போகும்.
வெளிச்சமே இல்லாத ஆழம். குட்டியால் கூட வர முடியாது.
அப்போது வேறொருத்தி மேலேயே நிற்பாள்,
அது தனியாக இல்லை என்று அதற்குத் தெரியும்படி.

வியாழன் இரவு டீ வாங்கக் கீழே போனேன்.
நாற்பத்தாறு படி.
திரும்பி வந்தால் என் தொட்டிலருகே ஜொகரா.
“மெஷின் கத்துச்சு. சிஸ்டர் அந்தக் கோடியில இருந்தாங்க.
நாந்தான் சுண்டிட்டேன்.”
தப்பு செய்தவள்போல் விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.
புதுவயல்காரி. அவள் பிள்ளையை
திங்கள்கிழமையே மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.
தையல் ஆறாததால் அவள் மட்டும் இங்கே,
ரவிக்கை நனைய நனைய.

டீயைப் பங்கு போட்டோம்.
மறுநாள் ரத்தம் பார்த்து, கையெழுத்து வாங்கி,
என் ஏழு மில்லியோடு அவளுடைய ஐந்தையும் ஊற்றினார் சிஸ்டர்.
“இனிமே இவன் எம்மவனுக்குப் பால் சொந்தம்,” என்றாள்,
“பின்னாடி மாத்திப் பேசக் கூடாது.”
தாயும் குட்டியும் எதிரிக்குக் கேட்காமல் பேசும் குரலில்
நாங்கள் சிரித்தோம். மற்றவர்கள் தூங்கினார்கள்.

சேவுகனை ஐந்து மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள்.
ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவன்.
மூன்று தரம் சோப்புப் போட்டும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை.
“கலர்ப்பொடி சிஸ்டர், அழுக்கில்ல,” என்று மன்றாடி
ஒற்றை விரலை நீட்டினான்.
பையன் பிடித்துக்கொண்டான்.

“இன்னிக்கு எவ்வளவு?”
பதினைந்து கிராம் கூடியிருக்கிறான் என்றேன்.
நீலத் திமிங்கிலக் குட்டிக்கு ஒரே நாளில்
தொண்ணூறு கிலோ கூடுமாம், அதையும் சொன்னேன்.

விரலை எடுக்காமல் கொஞ்சம் யோசித்தான்.
“எதுக்கு அவ்வளவு?” என்றான்.