கண்ணுக்கு இருபது

குன்னூர் பழைய இரும்புக் கடையில்
உடைந்த கிரைண்டர் கல்லுக்கும் சைக்கிள் எலும்புக்கும் நடுவில்
குப்புறக் கிடந்தது அந்த டிவைடிங் ஹெட்.
ஹபீபுல்லா கிலோ கணக்கில்தான் நிறுத்தார்.
முப்பத்தெட்டு.
உள்ளே ஒரு வார்ம் இருப்பதோ,
கைப்பிடியை நாற்பது முறை சுற்றினால்
தலை ஒரே ஒரு முறை திரும்பும் என்பதோ
தராசுக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.

கேத்தி பஸ்ஸில் அதற்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்.
கீஸருக்கு எடுத்து வைத்த பணம்.
சாக்கைப் பிரித்துப் பார்த்த ரோஸ்லின்
"இதுல வெந்நி வருமா?" என்றாள்.
பதிலுக்குக் காத்திராமல்
விறகடுப்பை ஊதப் போனாள்.

கார் இல்லாத கார் ஷெட்தான் என் பட்டறை.
மூன்று மணிக்கு மேல்
மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து
மில்லிங் மிஷின் மேல் கை வைக்கும்.
இங்கே எண்ணெய் காணாத இரும்பு
ஒரே ராத்திரியில் பழுத்துவிடும்.

வாளியில் வாஷிங் சோடா கரைத்து
பாட்டரி சார்ஜரின் சிவப்பைத் தகரத்துக்கும்
கறுப்பைத் துளைத்தட்டுக்கும் கொடுத்தேன்.
விடியும்வரை வாளி முணுமுணுத்தது.
காலையில் துரு கறுஞ்சேறாய்
பழைய டூத் பிரஷ்ஷோடு வந்தது.

ஒரு போல்ட் மட்டும் ஐந்து நாள் முகம் கொடுக்கவில்லை.
டீசல் விட்டேன், சூடு காட்டினேன்,
மாதா படத்துக்குக் கேட்காத குரலில் திட்டினேன்.
ஆறாம் நாள்
ஒரு 'டக்'.
அந்தச் சத்தத்துக்காக
இன்னொரு ஹெட் வாங்கலாம்.

அதற்குள் பாலாடாவிலிருந்து பெள்ளன் வந்துவிட்டார்,
கேரட் கழுவும் மிஷினின் பல்சக்கரத்தை
மூன்று துண்டாய்த் துண்டில் முடிந்துகொண்டு.
"பத்தொம்பது பல்லு. வெள்ளிக்கிழமை லோடு."

நாற்பதைப் பத்தொன்பதால் வகுத்தேன்.
பல்லுக்கு இரண்டு முழுச் சுற்று,
மீதிக்கு, பத்தொன்பது துளை வட்டத்தில்
இரண்டு துளை.
கணக்கு வாய்ப்பாடு மாதிரி நின்றது.
தட்டுதான் நிற்கவில்லை.

உள்ளிருந்து எண்ணினேன்:
பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு,
இருபது.
கடைசி வட்டமும் இருபது.
ஒரே தட்டில் எதற்கு இரண்டு இருபது?
கண்ணாடி போட்டு எண்ணினேன்.
கண்ணாடியைத் துடைத்து எண்ணினேன்.
இருபது.

கரண்ட் போனது.
வெளியே காட்டெருமை ஒன்று
தேயிலையை உரசிக்கொண்டு இறங்கும் சத்தம்.
மெழுகுவத்தியோடு வந்த ரோஸ்லின்
என்னை நகரச் சொல்லி உட்கார்ந்தாள்.
தீப்பெட்டியைத் திறந்து
துளைக்கு ஒரு குச்சி,
பாத்தியில் பூண்டு ஊன்றுகிற மாதிரி,
மருந்து கீழே, கட்டை மேலே.
பத்தொன்பது நின்றன.
இருபதாவதை இடம் வாங்கிக்கொள்ளவில்லை.
"இது ஓட்டையில்ல. அடைச்சிருக்கு."

மெழுகுவத்தியைச் சாய்த்தாள்.
துளையளவு ஒரு பித்தளை வட்டம்,
அரத்தால் மட்டம் தேய்த்தது,
இரும்போடு சேர்ந்து அதுவும் கறுத்திருந்தது.

எந்த ஊர் ஷாப்போ, எந்த ஷிஃப்டோ.
ஒருவன் கை தவறித் துளை போட்டிருக்கிறான்.
தட்டைத் தூக்கி எறியவில்லை.
மேஸ்திரி டீக்குப் போன நேரமாய்ப் பார்த்து
பித்தளைக் கம்பி ஒன்றை அறுத்து, அடித்து இறக்கி,
விரல் நுனியால் தடவித் தடவித்
தடம் போகும்வரை தேய்த்திருக்கிறான்.
நான் விரல் வைத்தேன்.
ரோஸ்லினும் வைத்தாள்.
எங்களுக்கும் தடம் தெரியவில்லை.

குச்சிகளைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டவள் அவள்தான்.
காலையில் அடுப்படியிலிருந்து என் பெயர்
முழு நீளத்தில் வந்தது,
ஞானஸ்நானப் பெயரும் சேர்த்து.
ஒவ்வொன்றாய் உரசியிருக்கிறாள்;
எண்ணெய் ஊறிய மருந்து
பெட்டியில் கறுப்புக் கோடு இழுத்து மழுங்கியதே தவிர
ஒன்றும் பற்றவில்லை.
எண்ணிக்கொண்டே போனேன்.
பத்தொன்பதுக்கு அப்புறம்
ஒரு சீறல்,
புகை வாசனை,
அப்புறம் அண்டாவில் தண்ணீர் விழும் சத்தம்.