ஏழு சொல் குறைகிறது

ஒரே தடவைதான் ஒலிக்கும் என்று
அந்தப் பெண் குரல் முதலிலேயே எச்சரிக்கிறது.
ஆயர் ஈத்தாம் ரவுண்டபோட்டில் வேன் நகரவில்லை.
பின்னால் ஏணி, கேஸ் தோங், வாக்குவம்.
ஸ்பீக்கரில் லீட்ஸ் நகரத்து ஆள் ஒருவர்
நீச்சல் குளத்தில் சேரப் பெயர் கொடுக்கிறார்.
வீட்டு எண் தேர்ட்டீனா, தேர்ட்டியா?
வாலை நீட்டினால் ஒன்று, நறுக்கினால் இன்னொன்று.
பதின்மூன்றையும் முப்பதையும்
தமிழில் யாரும் மாற்றிக் கேட்டதாய்த் தெரியவில்லை.
பக்கத்து மோட்டார்சைக்கிள் அடித்த ஹாரனில்
அவருடைய தெருப்பெயரும் போச்சு.

கம்ப்ரசர் என்றால் சொல்லிவிடுவேன்.
புலாவ் திக்குஸ் மேடம் கூ
வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதினொரு விநாடி இரைச்சல் போதும்:
கேஸ் குறைவா, பேரிங் தேய்வா,
இல்லை, காற்றாடியில் பல்லி சிக்கிக்கொண்டதா.
நியூசிலாந்து விசாவுக்கு அந்தக் காது செல்லாது.

இரவு, சாப்பாட்டு மேசையில் எழுத்து.
எனக்கும் சுபத்ராவுக்கும் ஒரே கேள்வி, ஒரே கடிகாரம்.
உங்கள் வாடகை வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை;
உரிமையாளருக்குப் புகார்க் கடிதம் எழுதுக.
இருபது நிமிடம்.
நூற்றைம்பது சொல்லுக்குக் குறையக் கூடாது.

ஹீட்டராம்.
வியர்வையில் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு தாள் எழுந்து வருகிறது.
இருந்தாலும் எழுதினேன்:
முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவும்,
தெர்மோஸ்டாட்டின் இரண்டு வயரையும் கழற்றவும்,
துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும்.

சுபத்ரா வாங்கிப் படித்தாள்.
"இது புகாரா, சர்வீஸ் ரிப்போர்ட்டா?
குளிருது, தூக்கம் இல்ல, கோபமா இருக்கேன்னு எழுதணும்.
நீங்களே ரிப்பேர் பண்ணிட்டா
அந்த ஆளு எதுக்கு?"
எனக்கு அப்படி யார்மேலும் கோபப்பட வரவில்லை.
ஆங்கிலத்தில் நான் அதிகம் பேசியிருப்பது
சாரி மேடம், டுமாரோ மேடம்.

தன் தாளை என் பக்கம் தள்ளினாள்.
டியர் மிஸ்டர் குணாளன் என்று தொடங்கியது.

படுக்கையறை ஏர்கோன் புவாசா மாதத்திலிருந்து ஓடவில்லை.
மூன்று தடவை நேரில் தெரிவித்தேன்.
மூன்று தடவையும் நாளை என்றீர்கள்.
உங்கள் வேனில் ஏணி இருக்கிறது,
அதை நான் தினமும் பார்க்கிறேன்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து
ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

இணைப்புச் சொற்கள் அதனதன் இடத்தில் விழுந்திருந்தன:
ஃபர்தர்மோர். நெவர்தலெஸ். ஆஸ் எ ரிசல்ட்.
இலக்கணத்தில் கை வைக்க இடமே இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் சொற்களை எண்ணினேன்,
விரல் வைத்து, இரண்டு முறை.
நூற்று நாற்பத்து மூன்று.
"ஏழு குறையுது," என்றேன்,
ஒரு பிழையாவது கிடைத்த நிம்மதியில்.
"கடைசி வரிய விட்டுட்ட.
ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.
சரியா ஏழு."

"தெரியும்," என்றாள்.
"பதில் வரும்னு நினைக்கிறவங்க எழுதுற வரி அது."
கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
கடிகாரத்தில் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

கீழே இறங்கி ஏணியைத் தூக்கி வந்தபோது
மணி பன்னிரண்டாகப் போகிறது.
லிஃப்டில் ஏணி நுழையாது; ஒன்பது மாடி.
மூடியைக் கழற்றினால்
எட்டு மாதத் தூசி கம்பளியாய்த் தடித்திருக்கிறது.
ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை, ஓடு மட்டும்.
வாக்குவம் போட்டேன்.
மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

குசினியில் அவள் மறுபடி லீட்ஸை ஓடவிட்டிருக்கிறாள்.
அதே ஆள், அதே நீச்சல் குளம்,
ஒரே தடவைதான் என்று அதே எச்சரிக்கை.
"தேர்ட்டீனா, தேர்ட்டியா?" என்று கத்துகிறாள்.

வாக்குவத்தை நிறுத்தாமலே
"தேர்ட்டீன்," என்றேன்.
வால் நீளமாகத்தான் கேட்டது.