முந்நூறு இல்லாத ஏலம்

முட்டம் என்று சொல்ல
இரண்டு உதடும் வேண்டும் என்பது
ஐப்பசியில் ஒரு செவ்வாய் விடியலில் தெரிந்தது.
வாய் கொப்பளித்த தண்ணீர்
இடது கோடியில் வழிந்து நைட்டி நனைந்தது.
கண்ணாடியில் பாதி நான்தான்.
மறுபாதி
கயிறு அறுந்த வலைபோலத்
தொங்கிக்கொண்டிருந்தது.

காத்து அடிச்சிருக்கு என்றான் கொழுந்தன்.
ஜாதிக்காய் அரைத்துப் போடு என்றாள்
அடுத்த வீட்டு கிளமென்சி.
வாதம் என்று யாரோ சொன்னதும்
ததேயு பைக்கை எடுத்தார்.
ஆசாரிபள்ளம் வரை
மூடாத கண்ணில் மண் விழுந்துகொண்டே வந்தது.

நெற்றியைச் சுருக்குங்க என்றார் டாக்டர்.
வலப்பக்கம் மட்டும் அலை எழுந்தது.
இடப்பக்கம் எண்ணெய் ஊற்றிய கடல்.
அதைப் பார்த்துத்தான் அவர் முகம் தெளிந்தது.
மூளையில் அடைப்பென்றால்
பெரும்பாலும் நெற்றி தப்பித்திருக்கும்,
உங்களுக்கு நெற்றியும் போயிருக்கிறது,
பயப்படாதீங்க.
போனதற்காக நான்
சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

காதுக்குப் பின்னால், எலும்புக்குள்
ஓர் ஒடுங்கின சந்து.
முகத்துக்கான நரம்பு அதன் வழியாக வருகிறதாம்.
வீங்கினால் ஒதுங்க இடமில்லை,
கல்யாண வேனும் மீன் லாரியும்
எங்கள் தெருவில் எதிரெதிரே நின்றதுபோல.
மூன்று நாளுக்குள் வந்தீங்களே, நல்லது.
வீக்கம் வடிய மாத்திரை, காலையில், சாப்பிட்ட பிறகு.
கண்ணுக்குப் பகலில் சொட்டு,
இரவில் களிம்பு, மேலே பிளாஸ்திரி.
ததேயு ஒட்டிவிடுவார்,
வள்ளத்து ஓட்டையை அடைக்கிற கவனத்தோடு.

இடது காதில் கடல் பெரிதாகிவிட்டது.
கரண்டி விழுந்தால் இடி.
நாக்கின் அந்தப் பக்கத்துக்கு
நெய்மீன் குழம்பும் கஞ்சித் தண்ணியும் ஒன்று.

பத்தாம் நாள் ஏலத்துக்குப் போனேன்.
குழுக் கடனுக்கு முகம் கோணினது தெரியாது.
ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு
நாக்கு பார்த்துக்கொள்ளும்.
மூணும் ஒம்பதும் பத்தும் உதட்டின் எண்கள்,
சொன்னால் காற்று ஒழுகும்.
சாளைக் கூடையை நூறில் தொடங்கினேன்.
எரநூறு.
அடுத்து நானூறு.
முந்நூறு எங்க போச்சு, பிலோமி?
திங்கள்சந்தை வியாபாரி ஏசுவடியான் கேட்டார்.
பதில் சொல்லவில்லை.
பதிலுக்கும் உதடு வேண்டும்,
பிலோமி என்ற பேருக்கும்.
அன்றைக்கு எந்தக் கூடையும்
முந்நூறுக்குப் போகவில்லை.
ஆயிரத்தில் மட்டும் எனக்குக் குறையில்லை.
அதன் கடைசி எழுத்தை
இந்தக் கரையில் எல்லாருமே
மூக்கால்தான் சொல்வோம்.

பயிற்சி அறையில் ஷெரின்.
நான் முகத்தை முறுக்கிப் பிழிவதைப் பார்த்துக்
கையைப் பிடித்தாள்.
பைய, அக்கா, பைய.
நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நடக்கும்.
நீங்க இழுத்தா வழி மாறிப் போவும்.
கண்ணாடி முன்னால்
ஒரு நெத்திலி அளவு சிரிப்பு போதும்.
சில நாள் நெத்திலியும் வரவில்லை.
சில நாள் கண்ணாடியைச்
சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
ஞானஸ்நான வீட்டில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது
பாத்திரம் கழுவப் போனேன்.

தவக்காலத்தின் நடுவில்
ஒரு பெரிய பாரையைத் தூக்கிக் காட்டி
ஆயிரத்து எரநூத்தி ஐம்பது என்றேன்.
உதடு உதட்டைத் தொட்டது, ஒட்டியது, பிரிந்தது.
காற்று எங்கும் ஒழுகவில்லை.
கூடவே, நான் சொல்லாமலே,
இடது கண் மூடித் திறந்தது.
தனக்கு அடித்த கண் என்று எண்ணி
ஏசுவடியான் நூறு கூட்டினார்.

திரும்பி வந்த நரம்பு கொஞ்சம் பாதை தப்பி
வாய்க்குப் போக வேண்டிய ஓர் இழை
கண்ணுக்குப் போய்விட்டதாம்.
வாய் அசைந்தால் கண் சேர்ந்து மூடும்.
அதை நிறுத்தவும் ஷெரினிடம் பயிற்சி இருக்கிறது.
தினமும் செய்கிறேன்,
ஏலம் முடிந்த பிறகு.